மயில் ஏன் அவசரப்பட்டது, ரேவதி

அக்கா என்று நான் ஒருநாளும் கூப்பிடாத என் ரேவதிக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டுத்தான் கடிதம் ஆரம்பித்துப் பழக்கம். கேட்டுவிட்டேன். பதிலை நீ எப்போது வேண்டுமானாலும் சொல்லு.

நம் தெருப் பெண்கள் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறார்கள். எனக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நாலு பேர் எதிரில் எனக்கு வாய் திறக்காது என்பது ஊருக்கே தெரியும். எழுதவாவது வருமா என்று பார்க்கிறார்கள் போல. "யார்கிட்டப் பேசுனா உனக்குக் கூச்சமா இருக்காதோ அவங்களுக்கு எழுது" என்றார்கள். அப்படிப் பார்த்தால் நீ ஒருத்திதான்.

அதனால் இதை மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களுக்கும் புரிய வேண்டுமே என்று, உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். "இது எனக்குத் தெரியாதாடி" என்று எரிந்து விழாதே.

முதலில் சேதி. இந்த ஆடியில், அம்மன் கோயில் செடல் திருவிழா அன்றைக்கு, நம் விளக்கு மயில் ஆடியது. நீ எழுதின புரோகிராமில்தான் ஆடியது. தோகை கீழிருந்து வரிசை வரிசையாக விரிந்து மேலே போய் நின்றபோது, கோயில் எதிரில் இருந்த கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டது. நீ சொல்வாயே, கை தட்ட வேண்டாம், வாயை மூடினால் போதும் என்று. மூடினார்கள், ரேவதி.

ஆனால் அதற்கு முன் ஒரு வாரம் அந்த மயில் எங்களைப் படுத்திய பாடு இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ எங்களை விட்டுப் போன வருஷம் குமார் அண்ணன் லைட் செட்டை வெளியே எடுக்கவே இல்லை. தீட்டு இருக்கிற வீடு, கோயில் வேலை எடுக்கக் கூடாது என்றார்கள். எடுக்கலாம் என்று சொல்லியிருந்தாலும் அண்ணன் எடுத்திருக்க மாட்டார். உன் காமாலை ஒரு தை மாசத்தில் தொடங்கி மாசியில் முடிந்தது. மாசியிலிருந்து அடுத்த மாசி வரை மயில் போர்டு சாக்கு போர்த்திக்கொண்டு, கருவடிக்குப்பத்து வீட்டுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து கிடந்தது. நான் வரும்போதெல்லாம் சாக்கைத் தூக்கி ஒரு தடவை பார்ப்பேன். பல்பெல்லாம் தூசி. ஆனால் நான் பற்றவைத்த ஈயம் ஒரு இடத்தில்கூட விட்டுப் போகவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குமார் அண்ணன் ரேவதியின் அண்ணன், என் பெரியம்மா மகன். கோயில் திருவிழாவுக்கு சீரியல் விளக்கு போடுகிற தொழில் அவருக்கு. பெரிய பலகையில் பல்பு பதித்து, மயில் ஆடுவது போல, தாமரை விரிவது போல எரிய வைப்பார்கள். முன்னெல்லாம் மோட்டாரில் ஒரு உருளை சுற்றும். அதில் ஒட்டியிருக்கும் செப்புத் தகடு எதைத் தொடுகிறதோ அந்த வரிசை பல்பு எரியும். ரேவதிக்கு அது பிடிக்கவில்லை. "உருளை ஒரே மயிலத்தான் ஆட வைக்கும். கம்ப்யூட்டர்னா மயில் நெனச்சபடி ஆடும்" என்றாள். பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள் அவள். நான் ஒன்பதாவதோடு நின்றவள். அப்பா வேலை பார்த்த மில் மூடின வருஷம் அது. அப்புறம் தட்டாஞ்சாவடியில் ஸ்டெபிலைசர் செய்கிற ஒரு பட்டறையில் ஈயம் பற்றவைக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். ஆகவே அவள் புரோகிராம் எழுதினாள், அது சொல்கிறபடி பல்பு வரிசைகளை எரித்து அணைக்கிற ரிலே பலகையை நான் செய்தேன். கம்ப்யூட்டரில் பிரிண்டர் மாட்டுகிற வாயில் பிரிண்டருக்குப் பதிலாக மயிலை மாட்டினோம்.

இப்போது உனக்கு. இந்தச் சித்திரையில் அண்ணன் சாக்கை உருவினார். பல்பைத் துடைத்தோம், எலி கடித்த வயரை மாற்றினோம். கம்ப்யூட்டரைப் போட்டால், உன் கிழட்டுக் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் சும்மா வைத்திருந்தோமா, கோபித்துக்கொண்டு போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் மட்டும் உயிரோடு இருந்தது. அண்ணன் காமராஜர் சாலையில் செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிவந்தார். பழையதைவிடப் பல மடங்கு வேகம். லினக்ஸையும் புதுசாகவே போட்டுக் கொடுத்திருந்தார்கள். உன் புரோகிராமை எடுத்து இதில் வைத்து ஓட்டினோம். அண்ணன் பட்டறையில் அழகாக ஆடியது. நீ பழைய மெஷினுக்கென்று போட்டு வைத்த ஒரே ஒரு எண்ணை மட்டும் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சரி செய்தேன். பெரியம்மா ஒரு தட்டில் கேசரி போட்டுக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் எதிரில் வைத்துவிட்டாள். அண்ணன்தான் சாப்பிட்டார்.

அப்புறம் காப்பு கட்டுகிற வெள்ளிக்கிழமை வந்தது. சாயங்காலம் பூசாரி தீபாராதனை காட்டினார், அண்ணன் புரோகிராமைத் தட்டினார், மயில் ஆடியது. ஆடியது என்றா சொன்னேன்? ஓடியது. தோகை படக்கென்று விரிந்து படக்கென்று மூடியது. விரட்டப்பட்ட கோழி இறக்கையை அடித்துக்கொள்ளுமே, அது மாதிரி.

"இன்னாடா குமாரு, மயிலுக்கு பேதி புடிச்சிகிச்சா?" என்று எவனோ கத்தினான். சிரிப்பு தெரு முழுக்கப் போனது.

திருவிழாப் பொறுப்பு இந்த வருஷமும் தணிகாசலம் மாமாதான். அவர் துண்டை உதறிக்கொண்டே வந்தார். "குமாரு, செடலுக்கு வெளியூர்ல இருந்து சனம் வரும். அன்னிக்கும் இப்படி ஆடிச்சின்னா எம் மானம் போயிடும். அந்தப் பழைய உருளைய மாட்டிடு. கம்ப்யூட்டரும் வாணாம் ஒன்னும் வாணாம்."

"செடலுக்குள்ள சரி பண்ணிடறேன் மாமா."

"உன் தங்கச்சி இருந்தா பண்ணியிருக்கும். நீ இன்னா பண்ணுவ?"

அவர் கெட்ட மனசில் சொல்லவில்லை. ஆனால் அண்ணன் முகம் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பரணில் இருந்த உருளையை இறக்கி, துணியால் துடைக்க ஆரம்பித்தார். உருளை ஏறிவிட்டால் உன் புரோகிராம் இறங்கிவிடும். ஒருதரம் இறங்கினால் அடுத்த வருஷம் யார் அதை ஏற்றப்போகிறார்கள்? உன் கையால் செய்தது இந்த உலகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் அது ஒன்றுதான்.

பெரியம்மா மட்டும் சந்தோஷமாக இருந்தாள். அதைச் சொன்னால் நம்ப மாட்டாய்.

"அவதான் வந்து ஆடுறா. எப்பவும் அவசரந்தான அவளுக்கு. சோத்த நின்னுகிட்டே தின்னுட்டு ஓடுவா. விடு, ஆடிட்டுப் போவட்டும்."

மறுநாள் காலையில் கம்ப்யூட்டரையும் மயில் போர்டையும் பட்டறைக்குத் தூக்கிப் போய் நான் ஓட்டிப் பார்த்தேன். மயில் நிதானமாக ஆடியது. சாயங்காலம் கோயிலில் அண்ணன் ஓட்டினார். மறுபடியும் கோழி. பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். தேனு, அதாவது நான், தொட்டால் சாதாரணமாக ஆடுகிறது, அண்ணன் தொட்டால் ரேவதி வருகிறாள் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது, ரேவதி. என்னிடம் ஏன் வரவில்லை நீ?

சரி, அழ வேண்டாம். உன் புரோகிராமைத் திறந்து உட்கார்ந்தேன். நீ டைப் பண்ணும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பண்ணுவாய் அல்லவா, பக்கத்தில் ஈயம் உருக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டவள்தானே நான். புரோகிராம் எழுதத் தெரியாவிட்டாலும் உன் குரலை வைத்துப் படிக்க முடிந்தது.

முதல் வேலையாக அது திரையில் "சாப்டியா?" என்று கேட்கிறது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். யாராவது என்டர் தட்டும்வரை காத்திருக்கிறது. "நம்ம ஊர்ல யார்கிட்ட எது கேக்கறதுன்னாலும் மொதல்ல சாப்டியான்னு கேக்கணும், இல்லன்னா மரியாத இல்ல" என்று நீ சொன்னது ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன். என்டர் தட்டியதும், பிராசஸரைப் பற்றி ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் விசாரிக்கிறது.

இதைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் நிற்கிறேன். பிராசஸர்தான் கம்ப்யூட்டரில் வேலை செய்கிற ஆள். ஆனால் நாம் எழுதுகிற புரோகிராம் நேராகப் போய் அதன் தோளைத் தட்டி "உன் பேர் என்ன, வேகம் என்ன" என்று விசாரிப்பதில்லை. நடுவில் ஆபரேட்டிங் சிஸ்டம் உட்கார்ந்திருக்கிறது. அதைத்தான் கேட்க வேண்டும். எங்கள் கம்ப்யூட்டரில் அது லினக்ஸ். அதில் இதற்கு ஒரு வசதி. 'ப்ராக்' என்ற இடத்தில் 'சிபியூஇன்ஃபோ' என்று ஒரு கோப்பு இருக்கும். திறந்தால் வரிவரியாக இருக்கும். செய்தவர் யார், எந்த ரகம், எவ்வளவு வேகம், என்னென்ன வித்தை தெரியும், எல்லாம். எந்தப் புரோகிராமும் சாதாரணக் கோப்பைப் படிப்பது போல அதைப் படித்துக்கொள்ளலாம். ரேவதி அதை "பிராசஸரோட ஜாதகம்" என்பாள்.

இந்த வேகத்தை வைத்து நீ என்ன செய்தாய்? கண்ணாமூச்சி விளையாடினாய். கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணுகிறவள் வேகமாக எண்ணினால், ஒளிகிறவளுக்கு நேரம் கிடைக்காது. நீ அப்படித்தான் எண்ணுவாய், முப்பதுக்கு மேல் எல்லாமே ஒரே எண்ணாகக் கேட்கும். மயிலின் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவில் கம்ப்யூட்டரைச் சும்மா எண்ணிக்கொண்டிருக்கச் சொன்னாய். மெதுவான பிராசஸர் என்றால் கொஞ்சம் எண்ணினால் போதும். வேகமான பிராசஸர் என்றால் நிறைய எண்ண வேண்டும். அதனால்தான் முதலில் ஜாதகத்தைப் பார்த்து வேகத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப எதுவரை எண்ணலாம் என்று முடிவு செய்தாய். எந்த மெஷினில் போட்டாலும் மயில் ஒரே நடையில் ஆடும் என்று நம்பினாய். நல்ல யோசனைதான். பழைய மெஷினில் ஒருநாளும் தவறவில்லை.

அப்படியென்றால் இப்போது ஏன்? எனக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயிலில் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அண்ணனின் வழக்கம் உனக்குத் தெரியும். பெரியப்பா காலத்திலிருந்து வருவது. செட்டை நாலு மணிக்கே தயார் செய்து, பொட்டு வைத்து, பூ போட்டு, அப்படியே விட்டுவிடுவார். தீபாராதனை முடிகிறவரை சாமிக்கு முன்னால் எந்த விளக்கும் எரியக் கூடாது. உருளைக் காலத்தில் மோட்டார் காத்திருந்தது. இப்போது கம்ப்யூட்டர் காத்திருக்கிறது. மானிட்டர் மேல் கதம்பம். திரையில் "சாப்டியா?" பதில் சொல்ல ஆள் இல்லை.

பூசாரி வருகிற வழியாக இல்லை. சும்மா உட்காரக் கூச்சமாக இருந்தது. எல்லாரும் என்னையே பார்ப்பது போல ஒரு எண்ணம் எனக்கு எப்போதும் உண்டே. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், இன்னொரு திரைக்கு மாறி, நீ பொழுது போகாதபோது செய்வது போல அந்த ஜாதகத்தைத் திறந்து படித்தேன். வேகம் ஆயிரம் மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தது.

ஆயிரமா? பட்டறையில் பார்த்தபோது இரண்டாயிரம் என்றல்லவா இருந்தது? கண் பழுதா என்று மறுபடி பார்த்தேன். ஆயிரம்தான். எவனாவது மெஷினை மாற்றிவிட்டானா என்று பெட்டிக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தேன்.

அதற்குள் மணி அடித்தது, கற்பூரம் காட்டினார்கள், அண்ணன் வந்து என்டரைத் தட்டிவிட்டுப் போனார். மயில் ஓட ஆரம்பித்தது. நான் பழையபடி அடுத்த திரைக்குப் போய் ஜாதகத்தைத் திறந்தேன். இரண்டாயிரம்.

"அண்ணா, மாறுது!"

நான்தான் கத்தினேன், ரேவதி. கோயில் எதிரில், தீபாராதனைக்கு நிற்கிற அத்தனை பேர் நடுவில். எல்லாரும் திரும்பினார்கள். பூசாரியே திரும்பினார். தணிகாசலம் மாமா, "யாரு, நம்ம தேனா? இந்தப் பொண்ணுக்குத் தொண்டை இருக்குதா?" என்றார். எனக்குப் பந்தல் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

புரிகிறதா உனக்கு? இந்தப் புது பிராசஸர் வேலை இல்லாதபோது தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்கிறது. கரண்டும் சூடும் மிச்சம். வேலை வந்ததும் முழு வேகத்துக்குப் போகிறது. நான் பட்டறையில் கம்ப்யூட்டரைப் போட்ட கையோடு மயிலை ஓட்டுவேன். அப்போது அது எழுகிற வேலையில் மும்முரமாக இருக்கும், கேட்டால் இரண்டாயிரம் என்கிறது. அண்ணன் போட்டுவிட்டுத் தீபாராதனைக்காகக் காத்திருப்பார். அது தூங்கி வழிகிற நேரத்தில் உன் புரோகிராம் போய் வேகம் கேட்கிறது. ஆயிரம் என்று பதில் வருகிறது. ஆயிரத்துக்கு ஏற்றபடி எண்ணச் சொல்கிறாய். எண்ண ஆரம்பித்ததும் அது விழித்துக்கொண்டு இரண்டு மடங்கு வேகத்தில் எண்ணி முடித்துவிடுகிறது. மயில் ஓடாமல் என்ன செய்யும்?

ஆபரேட்டிங் சிஸ்டம் பொய் சொல்லவில்லை. அந்தக் கோப்பு எங்கேயும் எழுதி வைக்கப்பட்டதே இல்லையாம். நாம் திறக்கிற நேரத்தில், அப்போதைய நிலவரத்தைப் பார்த்துத்தான் எழுதிக் கொடுக்கிறது. கேட்ட நிமிஷத்துக்கு அது உண்மை. செய்தவர் பேர், ரகம் எல்லாம் மாறாது. வேகம் மாறும். நீ ஜாதகம் என்றாய். அந்த ஒரு வரி ஜாதகம் இல்லை, ரேவதி. கையைப் பிடித்துப் பார்க்கிற நாடித்துடிப்பு.

உன்னைத் தெரிந்தவள் நான் முதல் நாளே இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். காலையில் பாயில் கிடக்கும்போது உன்னிடம் எதைக் கேட்டாலும் "முடியாது போ" என்பாய். அதை நம்பி நான் தனியாகக் கிளம்பினால், தெருமுனைக்குள் என்னைத் தாண்டிப் போய் நின்று, "இன்னாடி ஆமை மாதிரி வர்ற" என்பாய். நீ எழுதின புரோகிராம் தூங்குமூஞ்சியிடம் வேகம் கேட்டு ஏமாந்தது என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

காரணம் தெரிந்துவிட்டது. வைத்தியம் தெரியவில்லையே? அண்ணன் ஒரு வழி சொன்னார். பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பிரெஞ்சுக்காரர்கள் இருந்த பகுதியில், பிரெஞ்சில் பேர் எழுதின நீலப் பலகை இருக்கிற ஒரு தெருவில், லினக்ஸ் பழகுகிற பிள்ளைகள் வேலை முடிந்த சாயங்காலங்களில் கூடுகிறார்கள் என்று. திங்கட்கிழமை என்னை டிவிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் வாசலில் இறக்கிவிட்டு, "நீயே போய்க் கேளு, எனக்கு அந்த பாஷ புரியாது" என்று டீக்கடைக்குப் போய்விட்டார்.

உள்ளே எல்லாரும் காலேஜ் பிள்ளைகள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கேள்வியை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எழுந்து போய்விடலாமா என்று செருப்புகூடத் தேடினேன். கண்ணாடி போட்ட ஒரு அக்கா பார்த்துவிட்டு, "யாரும்மா, எதுனா கேக்கணுமா?" என்றாள்.

"மயில் ஓடுது" என்றேன்.

இதுதான் நான் அங்கே பேசின முதல் வார்த்தை. சிரித்தார்கள். ஆனால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை நடுவில் உட்கார வைத்துவிட்டுச் சிரித்தார்கள். மெதுவாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எல்லாரும் கிட்ட வந்துவிட்டார்கள். ஒருத்தர், தானும் கம்ப்யூட்டரில் ஒரு பாம்பு விளையாட்டை இதே மாதிரி எழுதி, அவர் லேப்டாப்பில் பாம்பு பாய்ந்து பாய்ந்து ஓடியது என்றார். பத்து நிமிஷத்தில் எனக்குக் கூச்சம் மறந்துபோய், மயில் எப்படி ஆட வேண்டும் என்று கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, பிராசஸரைத் தூங்கவே விடாமல் எப்போதும் ஒரே வேகத்தில் வைக்கும்படி ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் சொல்லிவிடுவது. இன்னொன்று, எண்ணுவதையே விட்டுவிடுவது. "வேகத்தக் கேட்டு நேரத்தக் கணக்குப் போடறதுக்கு பதிலா, நேரத்தையே கேளேன்" என்றாள் அந்த அக்கா. "இவ்ளோ நேரம் கழிச்சி என்னை எழுப்புன்னு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கிட்ட சொல்லிட்டு புரோகிராம் தூங்கிடலாம். கடிகாரம் அதுகிட்ட இருக்குது." நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். ஆடி மாசத்து உஷ்ணத்தில் அந்தப் பிராசஸராவது கொஞ்சம் தூங்கட்டுமே.

செவ்வாயும் புதனும் வேலை முடிந்து வந்து உன் புரோகிராமில் கை வைத்தேன். எண்ணுகிற இடத்தை மட்டும் எடுத்துவிட்டு, எழுப்பச் சொல்கிற வரியைப் போட்டேன். ஒரு சின்ன இடம்தான். மற்றதெல்லாம் நீ போட்டது போட்டபடி. வேகம் கேட்கிற வரி இப்போது தேவை இல்லை, "சாப்டியா"வும் தேவை இல்லை, இரண்டையும் எடுத்துவிடலாம் என்று அங்கே ஒருத்தர் சொன்னார். நான் எடுக்கவில்லை. பதிலை வைத்துக் கணக்குப் போடுவதில்லை என்பதற்காக விசாரிப்பதையே விட்டுவிடுவார்களா?

செடல் அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் கம்ப்யூட்டரைப் போட்டு, பொட்டு வைத்து, பூ போட்டார். உருளையும் பக்கத்திலேயே தயாராக இருந்தது, தணிகாசலம் மாமா உத்தரவு. நான் பெரியம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கம்ப்யூட்டர் எதிரில் உட்கார வைத்து, நடந்ததை எல்லாம் சொன்னேன். தூங்குகிறது, விழிக்கிறது, எண்ணுகிறது எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்ப அவ வரலையா?" என்றாள்.

என்ன சொல்வது, ரேவதி? இத்தனை நாள் கண்டுபிடிக்க வேண்டும் என்று அலைந்தேனே, கண்டுபிடித்தால் பெரியம்மாவிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறேன் என்று யோசிக்கவில்லை. திரையைக் காட்டினேன். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது.

"இது இன்னா எழுதியிருக்குது?"

"ரேவதி எழுதுனது பெரியம்மா. நாம பதில் சொல்றவரைக்கும் இப்படியே காத்துகிட்டு இருக்கும்."

"இன்னான்னு கேக்கறா?"

"சாப்டியான்னு கேக்கறா."

பெரியம்மா திரையையே பார்த்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள், சாப்பிட்டுவிட்டு வந்தவள் மாதிரி. "சாப்டேன்டி" என்றாள் திரையைப் பார்த்து. "கூழு குடிச்சேன். நீ சாப்டியா?"

மணி அடித்தது. கற்பூரம் காட்டினார்கள். அண்ணன் கையை நீட்டினார், நான் தடுத்துவிட்டு பெரியம்மாவின் விரலைப் பிடித்து என்டர் மேல் வைத்தேன். அவளே அழுத்தினாள்.

மயில் ஆடியது. கீழ்வரிசை நீலம், அதன் மேல் பச்சை, அதன் மேல் இன்னொரு பச்சை, கடைசியில் அந்தப் பொன்கண்கள். அவசரமே இல்லை. முழுக்க விரிந்து, ஒரு மூச்சு நின்று, ஒரு சிலிர்ப்பு. அந்தச் சிலிர்ப்பு வேண்டுமென்று நீ எத்தனை தடவை மாற்றி எழுதினாய். கூட்டம் வாயை மூடியதை முன்பே சொன்னேன். தணிகாசலம் மாமா உருளையைத் தன் கையாலேயே நகர்த்தி வைத்துவிட்டு, "குமாரு, அடுத்த வருஷம் தேருக்கும் இத மாதிரி ஒன்னு பண்ணிடுப்பா" என்றார். அண்ணன் என்னைக் கை காட்டினார். நான் பந்தல் காலுக்குப் பின்னால் போகவில்லை. "பண்ணலாம் மாமா" என்றேன். பெரியம்மாவுக்குக்கூடக் கேட்டது.

அன்றிலிருந்து தினமும் பெரியம்மா என்னிடம் கேட்பது ஒன்றுதான். "கம்ப்யூட்டரப் போடேன், அவளுக்கு பதில் சொல்லணும்." காலையில் இட்லி என்றால் இட்லி என்று சொல்கிறாள். பழையது என்றால் பழையது. என்டர் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு இப்போது பாடம்.

இன்னும் ஒரு சேதி இருக்கிறது. நான் இப்போது முடிந்த நாளெல்லாம் வாய்க்கால் தாண்டிப் போகிறேன். போன தடவை அந்த அக்கா புது மெஷின் ஒன்றைக் காட்டினாள். ஒரே சிப்பில் இரண்டு பிராசஸர். ஜாதகத்தைத் திறந்தால் இரண்டு பேருக்கும் தனித்தனியாக வருகிறது. முதல் ஆளுக்குப் பூஜ்யம் என்று எண், இரண்டாவது ஆளுக்கு ஒன்று. "மூத்ததுக்கு இன்னாக்கா பூஜ்யம்?" என்று கேட்டேன். இங்கே எண்ணிக்கை பூஜ்யத்தில்தான் தொடங்கும் என்றாள். உன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றரை வயசு மூத்தவள் என்று சொல்லிச் சொல்லி, அக்கான்னு கூப்பிடு, அக்கான்னு கூப்பிடு என்று என் பின்னாலேயே வருவாயே, உனக்குக் கிடைத்தது பூஜ்யம்.

வருகிற புரட்டாசியில் உன் வயசை நான் தாண்டிவிடுவேன். அம்மாதான் கணக்குப் பார்த்துச் சொன்னாள். அன்றைக்கு முழுக்க எனக்கு என்னவோ போல இருந்தது. உன்னைவிடப் பெரியவளாக எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியாதே. ஆனால் அந்த இரண்டு பேரையும் பார்த்த பிறகு மனசு லேசாகிவிட்டது. யார் தூங்கினாலும் யார் விழித்திருந்தாலும் நான் திறந்த போதெல்லாம் அந்த வரிசை மாறவில்லை. பூஜ்யம் முதலில், ஒன்று அதற்குப் பின்னால்.

ஒரு வாக்கு கொடுக்கிறேன். அண்ணன் எந்த மெஷின் வாங்கினாலும், அதில் ஒரு பிராசஸர் இருந்தாலும் பத்து இருந்தாலும், மயில் ஆடுவதற்கு முன் "சாப்டியா?" என்று கேட்கிற உன் வரியை எடுக்க மாட்டேன். பதில் சொல்லப் பெரியம்மா இருப்பாள். அவளுக்கு முடியாத நாளில் நான் சொல்வேன், சத்தமாக, யார் எதிரில் நின்றாலும்.

இன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு, அக்கா. சாப்பிட்டேன்.

உன் தங்கச்சி,
தேன்மொழி